இரண்டு நூல், ஆஸ்பத்திரிப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது. மறைப்பானேன், புகார் கொடுக்கப் போனவன் நான்தான்.

வெள்ளம் வந்த அன்று காலை பதினொன்றே காலுக்கு என் மனைவி அழைத்தாள். ஆற்றுக்கு அக்கரையில், பள்ளத் தெருவில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் நிலவறையில் கண்ணாடி தேய்ப்பது அவள் வேலை. பாலம் இடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒன்றரை மணி நேரமாக அவள் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. கடைசியில் போன் தானாக அடித்தது.

"நான் மேட்டுத் தெருவுக்கு வந்துட்டேன். எங்க கடை ஆளுங்க மூணு பேருமே வந்துட்டோம், ஒண்ணும் ஆகல. ஆமா, கேளுங்க, காலையில இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமே வரல. போய்ப் பாருங்க. அந்த நீலச் சட்டை மேலயே வெச்சுட்டேனோ என்னமோ, அது வேற…"

அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது. சரியாக முப்பது வினாடி.

(இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது. வாசகர் அந்தக் கவலையோடு மேலே படிக்க வேண்டாம். ஊர் முழுக்க மின்சாரமே இல்லை என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.)

தண்ணீர் வடிந்து, மனைவி வீடு வந்து சேர்ந்து, ஒரு வாரம் தூங்கி எழுந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. அப்படியொரு நேரத்தில் பேச்சை நடுவில் அறுத்துவிட்டார்களே! நேராகத் தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் விளக்குகள் கண்சிமிட்டும் இரும்பு அலமாரிகள். நடுவில் ஒரு மேசை. அதன் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பொறியாளர் என்று பலகை சொன்னது.

"முப்பதே செகண்ட்ல கட் ஆயிடுச்சுங்க. என் மனைவி பேசிட்டிருக்கும்போதே."

"கட் ஆகலைங்க" என்றார் அவர். "நான்தான் வெட்டினேன்."

"உங்களுக்கு முன்னாடியும் ஆள் நின்னாங்க, பின்னாடியும் நின்னாங்க. இருந்தது ஒரு குடம் தண்ணி. ஆளுக்கு ஒரு மடக்குதான் குடுக்க முடிஞ்சுது. மன்னிச்சுக்குங்க." பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: "உங்களுக்கு அந்த முப்பது செகண்ட்ல என்ன வந்துச்சு?"

இஸ்திரிப் பெட்டி என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையில் கொட்டியது. நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எழுந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. புகார்த்தாள் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து கிடந்தது.

2

எழுதி அடித்த முதல் வரிகள் சில:

வானம் கிழிந்து கொட்டிய அந்த நாளில்…

(எல்லா வெள்ளக் கதைகளிலும் இந்த வானம் கிழிந்துவிட்டது. இனிக் கிழிக்க இடமில்லை.)

அவர் ஒரு சாதாரணப் பெண்தான், ஆனால்…

(இந்த 'ஆனால்' என்ன செய்யப் போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

பத்து வயதில் ஒரு வெள்ளத்தில் தந்தையைப் பறிகொடுத்த அந்தச் சிறுமி, தொலைந்த குரல்களை மீட்பேன் என்று அன்றே…

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். கண்ணில் நீர்கூட வந்தது. என் எழுத்துக்கு நானே அழுவது எனக்குப் பழக்கம்தான். பொறியாளரைப் போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"எங்கப்பா பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருக்காருங்க" என்றார்.

"ஒரு காரணம் வேணுமில்லையா? ஏன் உங்களுக்கு இதுல இவ்வளவு பிடிவாதம்?"

"காரணமா? வரைபடத்துல ரெண்டு கோடு இருந்துச்சு. தரையில ஒண்ணுதான் இருந்துச்சு. அது எனக்குப் பிடிக்கல. இது போதாதா?"

போதாது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், உலகத்தில் உருப்படியாக நடந்த காரியங்களில் பாதி இப்படி யாருக்கோ ஏதோ பிடிக்காமல் போனதால்தான் நடந்திருக்கும்போலத் தோன்றுகிறது. தந்தையை உயிரோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். கதை இனி அவர் சொன்னபடி.

3

வெள்ளத்துக்கு ஐந்து வருடம் முன்பு அவர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். அக்கரைக்குப் போகும் இணைப்பின் வரைபடத்தை முதல் வாரமே எடுத்துப் பார்த்தார். ஒரு சிவப்புக் கோடு, அதுதான் முதன்மைக் கேபிள். ஒரு நீலக் கோடு, முதன்மை அறுந்தால் வேலை செய்ய வேண்டிய மாற்றுக் கேபிள். தாளில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் கோடுகளை நடந்து பார்ப்பது அவர் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சிவப்பு, நிலையத்திலிருந்து தெற்கே இறங்கி பாலத்துக்கு வந்தது. நீலம், வடக்கே சுற்றிக்கொண்டு அதே பாலத்துக்கு வந்தது. பாலத்துக்கடியில் குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே குழாயில், ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போயின.

பாலம் போனால் இரண்டும் போகும். மாற்று வழி என்பது தாளில் மட்டும்தான்.

மேலாளருக்கு எழுதினார். பதில் வந்தது: "ஆவணப்படி மாற்று வழி உள்ளது." மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். அலுவலகத்தில் அவருக்கு 'ரெட்டைவழி' என்று பட்டப்பெயர் வந்தது. "ரெட்டைவழி அம்மா, வீட்டுக்கு எந்த வழியா போறீங்க?" என்று சாயங்காலம் கேட்பார்களாம். அவர் சளைக்காமல் இரண்டு வழி சொல்வாராம்.

(மேலாளரை வில்லனாக்க இங்கே ஒரு வாய்ப்பு வந்தது. தொப்பை, கைக்கடிகாரம் எல்லாம் கொடுத்து அரைப் பக்கம் எழுதினேன். எழுதிய பிறகு அவரை நேரில் சந்தித்தேன். மெலிந்த, பயந்த, நல்ல மனிதர். கோப்பில் இரண்டு கோடு இருந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவர், நம்மில் பலரைப் போல. அரைப் பக்கம் போயிற்று.)

மூன்றாவது கடிதத்துக்குப் பதிலாக அவர் மேலாளரை ஒரு நடைக்கு அழைத்தார்.

"சார், நீங்க சிவப்புக் கோட்டுல நடங்க. நான் நீலத்துல நடக்கிறேன். அக்கரையில பார்ப்போம்."

மேலாளர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். தெற்கே அவர், வடக்கே இவர். பாலத்தின் முனையில் இருவரும் சந்தித்தார்கள். அதன்பின் பாலத்தின் ஓரத்து ஒற்றையடி நடைபாதையில், குழாய்க்கு நேர் மேலே, தோளோடு தோள் இடிக்க நடக்க வேண்டியிருந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்தார். இருவரில் ஒருவர்கூட ஒதுங்க முடியவில்லை, ஒதுங்க இடமில்லை.

பாலத்தின் நடுவில் மேலாளர் நின்றுவிட்டார். கீழே ஆறு, கோடைக்கால ஆறு, முழங்கால் அளவு.

"இப்ப இந்தப் பாலம் போச்சுன்னா…" என்று தொடங்கினார்.

"நீங்களும் போயிடுவீங்க, நானும் போயிடுவேன் சார்."

மேலாளர் அன்றே கையெழுத்துப் போட்டார்.

4

மூன்றாவது வழி காற்றில் போனது. இக்கரையில் நிலையத்தின் மொட்டைமாடியில் ஒரு டிஷ், அக்கரையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நடைமேடையில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எதுவும் குறுக்கே வரக் கூடாது. கேபிளில் போவதில் இருபதில் ஒரு பங்குதான் இதில் போகும். ஆனால் ஆற்றையோ பாலத்தையோ இது தொடாது.

தொட்டி நின்றது பள்ளத்தில். அதற்கும் ஆற்றுக்கும் நடுவில், மேட்டில், ஒரு தையல்காரரின் வீடு. அவர் மாடியில் ஒரு அறை எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் ஏறியாகிவிட்டது. கூரை போட்டால் டிஷ்ஷின் பார்வை சரியாக அந்தக் கூரையில் போய் முட்டும்.

பொறியாளர் படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னார். அவரிடம் உத்தரவு எதுவும் இல்லை. வீடு அவர்களுடையது, வானமும் அவர்களுடையது.

தையல்காரர் காதில் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவும்மா தடுக்குது?"

"ரெண்டடிண்ணே."

"முழுக் கூரையுமா?"

"மேற்கு ஓரம் மட்டும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சட்டையில் எங்கே பிடித்துத் தைத்தால் சரியாக உட்காரும் என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தாராம். "அப்ப அந்தப் பக்கம் சரிச்சுடலாம்" என்றார். "கழுத்துல ஒரு பிடிப்பு பிடிக்கிற மாதிரிதானே."

அவர் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. மேற்கு ஓரத்தில்தான் அலமாரி. "ஊர்ல இருக்கிறவங்க போன்ல பேசணும்னு என் வீட்ல நான் குனிஞ்சு நடக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் இன்றுவரை அந்த ஓரத்தில் குனிந்துதான் நடக்கிறார். மறந்துபோய் நிமிர்ந்த நாட்களில் நெற்றி வீங்கியிருக்கிறது.

டிஷ் வந்தது. அது வந்த பிறகு பொறியாளர் விதிக்கு விரோதமான ஒரு காரியம் செய்தார்.

(எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, இப்ப அந்த விதியே மாறிடுச்சு" என்றார்.)

கம்பத்தில் ஒரு வெள்ளைக் கோடு, டிஷ்ஷைப் பிடித்திருக்கும் கவ்வியில் ஒரு வெள்ளைக் கோடு, பெயிண்டால் போட்டார். இரண்டும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தால் டிஷ் சரியான பக்கம் பார்க்கிறது. தையல்காரரைத் தொட்டிமேல் ஏற்றிக் காட்டினார். ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

"போன்ல சிக்னல் கோடு காட்டும், ஆனா யாருக்கும் கால் போகாது. அப்படி ஆச்சுன்னா கொஞ்சம் இதை எட்டிப் பாருங்கண்ணே. காத்து திருப்பியிருந்தா இந்த நட்டைத் தளர்த்தி, கோட்டைச் சேர்த்து, முறுக்கிடுங்க. அவ்வளவுதான்."

"எனக்கு உயரம்னா தலை சுத்தும்மா."

"அப்ப ஏறாதீங்க."

அவர் ஸ்பேனரை வாங்கிக் கத்தரிக்கோல்களோடு வைத்துக்கொண்டார்.

5

அந்த நாள்.

(இதை நான் நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் இடி இடித்தது. அன்று இடி இடிக்கவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். காற்றும் மழையும் மட்டும்தான். நான்காவது இது.)

காலை ஒன்பது நாற்பதுக்குப் பாலத்தின் நடுப்பகுதி சரிந்தது. சிவப்பும் நீலமும் ஒரே நொடியில் அறுந்தன. காற்றுவழி தானாக வேலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் ஊரை அழைத்ததால், அந்த மெல்லிய வழி திருவிழா வாசல்போல அடைத்துக்கொண்டது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மேலே அணைக்கட்டிலிருந்து நிலையத்துக்குச் செய்தி வந்தது. பகல் ஒரு மணிக்கு மதகுகளைத் திறக்கிறார்கள். வேறு வழியில்லை. அக்கரைப் பள்ளத் தெருக்களில் ஆள் தலைக்குமேல் தண்ணீர் நிற்கும். இரண்டாயிரத்து முந்நூறு பேர் அதற்குள் மேட்டுக்கு ஏறியாக வேண்டும்.

பொறியாளர் எச்சரிக்கையைத் தட்டச்சு செய்தார். மற்ற அழைப்புகளை ஒதுக்கி அதற்கு வழிவிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, பத்து ஐந்துக்கு, திரையில் ஒரு எண் சரிந்தது. அந்த எண் நாற்பதுகளில் இருந்தால் அக்கரை டிஷ்ஷும் இக்கரை டிஷ்ஷும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தொண்ணூறு என்றால் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது.

தொண்ணூறு.

எச்சரிக்கை மேசையில் இருந்தது. அதைச் சுமந்துபோக எதுவும் இல்லை. படகு இறக்க முடியாத ஆறு. சுற்றிப் போனால் அடுத்த பாலத்துக்கு நான்கு மணி நேரம்.

"அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்திருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"எழுந்து நின்னேன். மறுபடி உட்கார்ந்தேன். தையல்கார அண்ணனை நினைச்சேன். அவர் ஏறணும்னும் நினைச்சேன், ஏறக் கூடாதுன்னும் நினைச்சேன். அந்தக் காத்துல யாரையும் ஏறுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நல்லவேளை, சொல்றதுக்கு வழியும் இல்ல."

5 (மறுபடியும், அக்கரையில்)

தையல்காரருக்கு அணைக்கட்டும் தெரியாது, மதகும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் போனில் நான்கு கோடு காட்டுகிறது, மகளுக்கு அழைப்புப் போகவில்லை என்பது. சரித்த கூரையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி அது முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு" என்று என்னிடம் சொன்னார்.

ஸ்பேனரை எடுத்தார். மனைவி கேட்டார்: "எங்க கிளம்பிட்டீங்க?"

"டேங்குக்கு."

"ஸ்டூல்ல ஏறி பல்ப் மாட்டத் தெரியாது, டேங்குக்கு ஏறப் போறாராம்!"

திட்டிக்கொண்டே அந்த அம்மாள் கித்தான் துணிச் சுருளிலிருந்து ஐந்து மீட்டர் கிழித்தார், கணவர் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினார், முடிச்சை இழுத்துப் பார்த்தார். பள்ளத்துக்கு இறங்கியபோது தொட்டியடியில் கணுக்கால் அளவு தண்ணீர். தொட்டியின் இரும்பு ஏணியில் எண்பத்து நாலு படி. அவர் எண்ணிக்கொண்டு ஏறினார். இருபதில் கண்ணை மூடிக்கொண்டாராம். கண்ணை மூடினால் எண்ணிக்கை தவறியது. மறுபடி திறந்துகொண்டாராம். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை, "சும்மா திட்டிக்கிட்டே ஏறினேன்" என்றார். யாரைத் திட்டினார் என்று கேட்டேன். "உங்க இஞ்சினியரம்மாவைத்தான்."

மேலே போய்க் கித்தானின் மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினார். நட்டைத் தளர்த்தினார். டிஷ் காற்றில் துள்ளியது. மார்போடு அணைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். வெள்ளைக் கோடும் வெள்ளைக் கோடும் சேர்ந்தன.

இக்கரையில் எண் அசைந்தது. எண்பத்தொன்பது. எண்பது. எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. காற்று தான் அடித்த பக்கம், ஆஸ்பத்திரிக்கு எதிர்த்திசையில், கம்பத்தையே சற்றுத் திருப்பியிருந்ததால், கோடு சேர்ந்தும் பார்வை முழுதாகச் சேரவில்லை. எழுபத்தொன்றில் ஓர் எச்சரிக்கையை இரண்டாயிரம் பேருக்கு அனுப்ப முடியாது. ஒரே ஒரு அழைப்பு போகலாம், போகாமலும் இருக்கலாம்.

பொறியாளர் அந்த ஒரு அழைப்பைப் போட்டார்.

தொட்டியின் உச்சியில், மழையில், தையல்காரரின் சட்டைப்பை அடித்தது. ஒரு கையால் டிஷ்ஷை அணைத்தபடி இன்னொரு கையால் எடுத்தார்.

"அண்ணே! அப்படியே நில்லுங்க! நட்டை முறுக்கிடாதீங்க!"

"நான் எங்கம்மா போறேன்? என்னைக் கட்டி வெச்சிருக்கு!"

"இன்னும் கொஞ்சம் திருப்பணும்ண்ணே. ஆஸ்பத்திரிப் பக்கமா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

டிகிரிக் கணக்கு சொன்னால் அவருக்குப் புரியாது. பொறியாளர் ஒரு கணம் யோசித்தார். "ரெண்டு நூல்ண்ணே."

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சரும் தையல்காரரும் அதிலேயே வாழ்கிறவர்கள்.

"அப்படிச் சொல்லு" என்றார் தையல்காரர். அந்தக் காற்றில், அந்த உயரத்தில், நாற்பது வருடம் துணியில் பழகிய விரல்களால், இரண்டு நூல்* திருப்பினார். ஒன்றரையும் இல்லை, இரண்டேகாலும் இல்லை.

எண் நாற்பத்தாறில் வந்து நின்றது.

"முறுக்குங்க! முறுக்கிட்டு இறங்கிடுங்கண்ணே! இறங்கி வீட்டுக்குப் போங்க!" பொறியாளர் அழுதுகொண்டே கத்தினாராம். இதை அவர் சொல்லவில்லை. அறையில் இருந்த மேலாளர் சொன்னார்.

* நானும் நூல் எழுதுகிறவன்தான். ஏழு எழுதியிருக்கிறேன். இரண்டு நூல் இவ்வளவு பேரைக் காப்பாற்றியதாக இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

6

பத்து ஐம்பத்திரண்டுக்கு எச்சரிக்கை போனது. அதன்பின் பொறியாளர் படங்களையும் காணொளிகளையும் அடியோடு நிறுத்தினார். குறுஞ்செய்திகளுக்கு வழி விட்டார். ஒருவர் ஒரு முறைக்கு முப்பது வினாடி மட்டும் பேசலாம் என்று வரம்பு வைத்தார். வழி அடைக்காமல் ஓடியது.

கண்ணாடிக் கடை நிலவறையில் ஜெனரேட்டரில் ஓடிய தேய்ப்பு இயந்திரத்தின் சத்தத்தில் வெளியே ஒலிபெருக்கி வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஜன்னலும் கிடையாது. என் மனைவியின் போன் மேசைமேல் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்து கீழே விழுந்ததால்தான் அவள் குனிந்து பார்த்தாள். படித்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். உடன் வேலை செய்த இருவரையும் கிளப்பினாள். போகிறபோக்கில், அன்று கொடுப்பதாகச் சொல்லி முடித்து வைத்திருந்த பத்தொன்பது மூக்குக்கண்ணாடிகளையும் தட்டோடு தூக்கிக்கொண்டாள்.

"அது எதுக்கு அந்த நேரத்துல?" என்று கேட்டேன்.

"வெள்ளத்துல கண்ணு தெரியாம திண்டாடுவாங்கல்ல" என்றாள்.

ஒரு மணிக்கு மதகு திறந்தது. ஒன்றரைக்கு அந்த நிலவறை கூரைவரை நிரம்பியது.

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி முழுக்க நன்றி எழுதியிருந்தேன். பொறியாளருக்கு, தையல்காரருக்கு, குனிந்து நடக்கும் அந்த அம்மாளுக்கு, நடுப்பாலத்தில் நின்ற மேலாளருக்கு, அந்த டிஷ்ஷை எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்தவர்களுக்கு. கடைசி வாக்கியம்: பள்ளத் தெருவில் ஒருவர்கூட மீதியின்றி எல்லாரும் காப்பாற்றப்பட்டார்கள்.

7

கைப்பிரதியைப் பொறியாளருக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: பூட்டுக்காரர் எங்கே?

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுதாமல் விட்டிருந்தேன். நன்றி சொல்லும் கதையில் அவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பள்ளத் தெருவின் கடைசி வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அவரிடம் போன் இல்லை. அக்கம்பக்கத்தார் அவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தார்கள். மகள், அக்கம்பக்கத்தார் அழைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார் என்பது வெள்ளத்தின் மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

"எல்லாருக்கும் சேதி சேர்ந்துச்சுன்னு எழுதாதீங்க" என்றார் பொறியாளர். "அப்படி எழுதினா அவரு ரெண்டாவது தடவை விட்டுப்போயிடுவாரு."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லையே. சிக்னல் அனுப்பிட்டீங்க. அவர்கிட்ட போன் இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என் வேலை சிக்னல் அனுப்புறது இல்லைங்க. சேதி சேர்றது."

வெள்ளம் வடிந்த மறுமாதம் அவர் மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இம்முறை கூடவே பூட்டுக்காரரின் மகள். பள்ளத் தெருக்களில் வீடு வீடாக. போன் இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள். முப்பத்தேழு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் எச்சரிக்கை வந்தால் போய்க் கதவைத் தட்ட வேண்டியவர் ஒருவர், அவர் ஊரில் இல்லையென்றால் தட்ட வேண்டிய இன்னொருவர். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பூட்டுக்காரரின் மகள் மட்டும் நான்கு வீட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள் இப்போது நிலையத்துச் சுவரில், சிவப்பு நீல வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வரைபடத்திலும் மாற்றம் உண்டு. ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் அருகே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. 'பக்கத்துக் கை' என்று அதற்குத் தலைப்பு. ஸ்பேனரோடு இடுப்புக் கச்சையும் கொடுக்க வேண்டும் என்பது புதிய விதி.

நன்றிப் பத்தியை அடிக்கவில்லை, கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்தேன். என் நன்றி அதனால் குறையவில்லை. சொல்லும்போது முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

8

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன.

அ) பாராட்டு விழா. மெய்யாகவே நடந்தது. மேடையில் பொறியாளரும் தையல்காரரும். மேலாளர் ஒலிபெருக்கிமுன் வந்து, "தடையில்லாத் தகவல் தொடர்பு…" என்று ஆரம்பித்ததும் மைக் நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது. "இன்னொரு மைக் இருக்கா?" என்று முன்வரிசையிலிருந்து பொறியாளரின் அப்பா கேட்டார். இருந்ததாம், அதே ஒயரில். சுகமான முடிவு. ஆனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

ஆ) அடுத்த வெள்ளம். எல்லா வழிகளும் வேலை செய்கின்றன, முப்பத்தேழு கதவுகளும் தட்டப்படுகின்றன. நேரில் பார்க்காமல் இதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பார்க்கவும் ஆசையில்லை.

இ) சென்ற மாதம் நானும் மனைவியும் தையல்காரர் கடைக்குப் போனோம். நன்றி சொல்லத்தான் போனோம். கையில் சாக்குக்கு ஒரு திரைச்சீலைத் துணி. அரை மணி நேரம் திரைச்சீலை பற்றியே பேசினோம். மடிப்பு எத்தனை, வளையம் வேண்டுமா, ஓரத்தில் பட்டி வைக்கலாமா. எழுத்தாளனான எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. கிளம்பும்போது என் மனைவிதான் வாசலில் திரும்பி நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க ஏறினதுக்கு…" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் வரவில்லை.

தையல்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த அவர் மனைவியின் தையல் மெஷின் நின்றது. தையல்காரர் ஒரு வாக்கியம் சொன்னார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தெருவைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டேன்.

"சார், இதை எழுதிடாதீங்க" என்றார் தையல்காரர் என் முதுகிடம்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏழு நூலில் ஒரு வாக்கையும் காப்பாற்றியதில்லை, இதைக் காப்பாற்றப் போகிறேன். அதனால் அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தைக் கீழே அப்படியே விடுகிறேன். உங்களுக்காகவும் யாரோ ஒருவர் எங்கோ ஏறியிருப்பார். வாசலில் நின்று அவரிடம் நீங்கள் பாதி வாக்கியம் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதிக்கொள்ளலாம். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால், இப்படியே இருக்கட்டும்.

"…………………………………………"